மிஞ்சின கரண்டில் வெந்நீர்

எங்கள் தோட்டத்தில் விறகு வைக்காமல் வெந்நீரில் குளித்த முதல் ஆள் மெஷின்காரர்தான். ஏழு மாதம் அதை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

றக்வானையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி, இனிமேல் ஏற முடியாது என்று நிற்கிற இடத்திலிருந்து இன்னும் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் டிவிசன் வரும். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கும் மேனேஜர் துரையின் பங்களாவுக்கும் அரசாங்கத்துப் பெரிய லைன் கரண்டு அப்போதே இருந்தது. நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த ஆறு லயத்துக்கும் கிடையாது. லயங்களுக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டின குளம் ஒன்று இருந்தது. ஒருகாலத்தில் அந்தத் தண்ணீரில்தான் ஸ்டோர் ஓடியதாம். இரத்தினபுரியிலிருந்து சிங்கள ஐயாமார், மாத்தையாமார் என்போம், சிலர் வந்து அந்தக் குளத்தை அளந்தார்கள். எங்களை ஒரு சங்கமாகச் சேர்த்து, குளத்திலிருந்து பெரிய குழாயை இறக்கி, அதன் அடியில் ஒரு சக்கரத்தையும் டைனமோவையும் வைத்து, தகரக் கொட்டில் ஒன்றும் போட்டுத் தந்தார்கள். அதை ஓட்டிப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆள் ஒருத்தரையே மெஷின்காரராகப் போட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருஷங்களில் அது நடந்தது. வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு டீவி. அவ்வளவுதான். அயன் பாக்ஸ், கேத்தல், ஹீட்டர், சூடாகிற எதையும் செருகக் கூடாது.

இந்தச் சட்டத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசித்தவர் தலைவர். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கரண்டுச் சங்கத்துக்கும் அவர்தான். நேர்மையான மனுஷன். தன் வீட்டில் மூன்றாவது பல்பு எரிந்தால் தானே எழுந்து தன்மேல் புகார் கொடுக்கக்கூடியவர். குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு.

நான் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காலையில் பிரட்டில் வேலை பிரித்துக் கொடுத்ததும் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பதினேழு குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பதினேழையும் குளிப்பாட்ட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பைப்பில் வருகிற தண்ணீர் கையில் பட்டால் எலும்பு வரைக்கும் ஏறும். மடுவத்துக்குக் கிடைக்கிற விறகு பால் காய்ச்சவே சரியாகிவிடும். நான் வாளியைத் தூக்கினால் போதும், ஒரு குழந்தை கத்தும். அதைப் பார்த்து மற்றப் பதினாறும் கத்தும். சத்தியமாகச் சொல்கிறேன், பல நாள் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுக் குளிப்பாட்டியாகிவிட்டது என்று பதிந்திருக்கிறேன்.

ஒரு மார்கழிக் காலையில் மடுவத்துப் பைப்பில் தண்ணீர் வரவில்லை. எங்கேயாவது இலை அடைத்திருக்கும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன். மெஷின் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தபோது கதவைத் திறந்துகொண்டு மெஷின்காரர் வெளியே வந்தார். இடுப்பில் துண்டு. தலையிலிருந்து புகை போகிறது. இட்லிச் சட்டியைத் திறந்தால் எழும்புமே, அப்படி.

"அண்ணே, காய்ச்சலா?" என்று பதறிப்போனேன்.

"இல்ல தங்கச்சி. யோகா."

"யோகா செஞ்சா தலையில ஆவி வருமா?"

"நல்லா செஞ்சா வரும்."

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு பக்கம் சக்கரம் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், குளத்துத் தண்ணீர் வந்து தங்குகிற தொட்டிக்குள் ஆரஞ்சு பார்லி சோடாப் போத்தல்கள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கின. முக்குக் கடை முதலாளியின் சரக்கு. அவர் கடையில் ஐஸ் பெட்டி கிடையாது. ஆனால் 'ஐஸ் சோடா இருக்கு' என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருப்பார். எப்படி என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இந்தப் பக்கம், பாதியாக வெட்டின ஒரு தகரப் பீப்பாய். ஒரு சின்ன ஹோஸ் அதில் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. மறு ஓரத்தில் தண்ணீர் வழிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. கையை விட்டேன். சூடு!

மெஷின்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே, மாட்டிக்கொண்டவரின் பொறுமையோடு விளக்கினார்.

"டைனமோவுக்கு எப்பவும் ஒரே சுமை இருக்கணும். நீங்க வீட்டுல லைட்டை அணைச்சிட்டுப் போயிர்றீங்க. அந்தக் கரண்டு எங்கயாச்சும் போவணும்ல? போக இடமில்லாட்டி மெஷின் தறிகெட்டு ஓடி எரிஞ்சிரும். அதான், மிஞ்சினதை எல்லாம் இந்தப் பீப்பாய்க்குள்ள இருக்கிற கம்பிக்கு அனுப்புறது. கம்பி சுடும், தண்ணி சுடும்."

"சுட்ட தண்ணி?"

"காட்டுக்குள்ள போகுது."

"பதினேழு புள்ளைங்க அங்க விறைச்சிக் கிடக்குது. நீங்க காட்டைக் குளிப்பாட்டுறீங்களா?"

நான் மெதுவாக, "தலைவர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். தலைவர் என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய தலையில் ஆவி நின்றுவிட்டது. தப்பு ஒன்றும் அவர் செய்யவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தால் ஆறு லயமும் வாளியோடு வந்து நிற்கும், பிறகு மெஷினைப் பார்ப்பதா வரிசையைப் பார்ப்பதா என்பது அவர் பயம்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. பீப்பாயிலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு ஹோஸில் மடுவத்துக்கு வரும். மடுவம் கொட்டிலுக்கு நேர் கீழேதான். நான் வாயைத் திறக்க மாட்டேன். சூடு ஆறாமல் இருக்க ஹோஸுக்குக் கோணிச் சாக்கைச் சுற்றினோம். யாராவது கேட்டால், 'பைப்புக்கு வெயில் படாமல் இருக்க' என்று சொல்வதாக ஏற்பாடு.

முதல் நாள் குளியலை மறக்கவே முடியாது. வாளியைப் பார்த்ததும் வழக்கம்போல எல்லாரும் வாயைத் திறந்தார்கள். முதல் சொம்பு விழுந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் குழந்தை திறந்த வாயை மூட மறந்து என்னையே பார்த்தது. ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருக்கும். ஒரு வயசுக்காரி ஒருத்தி குளிப்பாட்டுகிற பேசினுக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள். சாயந்தரம் தாய்மார் வந்து முகர்ந்து பார்த்தார்கள்.

"என்னா இது, புள்ளை இப்பிடி மினுக்குது?"

"புது சவுக்காரம்," என்றேன்.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் ராஜபோகம். தை பிறந்ததும் ஒரு நாள் எட்டரை மணிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. மறுநாளும் அப்படியே. அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சூடானது. அதற்குள் குழந்தைகள் பழையபடி கச்சேரியை ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின்காரரிடம் ஓடினேன். அவரும் பீப்பாய்க்குப் போகிற கரண்டைக் காட்டுகிற மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"எவனோ இழுக்கிறான், தங்கச்சி. பல்பு இல்ல, டீவி இல்ல. பெருசா ஏதோ சுடுற சாமான்."

பகலில் குளத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்க அவர் வால்வைக் கால்வாசிதான் திறந்து வைப்பார். அதனால் யாராவது ஒருத்தர் ஒரு ஹீட்டரைச் செருகினாலே பீப்பாய்க்கு வருவது குறைந்துபோகும். ராத்திரியிலும் விடிகாலையிலும் வால்வு முழுசாகத் திறந்திருப்பதால் ஊசி காட்டிக்கொடுக்காது. கள்ளன் எட்டரை மணிக்காரன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நல்ல சூடாக வந்தது. பௌர்ணமி லீவான போயா நாளிலும் அப்படியே. கள்ளனுக்கும் லீவு இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை மெஷின்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு லயத்துக்கும் போகிற வயருக்குக் கொட்டிலில் தனித்தனி சுவிட்ச் இருந்தது. எட்டரைக்கு ஊசி விழுந்ததும் ஒவ்வொன்றாக ஒரு நொடி அணைத்துப் போட்டார். முதல் லயம், ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நாலாவதை அணைத்ததும் ஊசி துள்ளி எழும்பியது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊக்கு ஒன்று இரவல் கேட்கிற சாக்கில் நாலாவது லயத்துக்குப் போனேன். எல்லாரும் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். பாதிக் கதவு பூட்டு. ஒரு வீட்டில் கால் வராத பெரியவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருந்தாள். கடைசிக் காம்பரா வீடு தலைவருடையது. அங்கே போனதும் நின்றுவிட்டேன். சோறு வேகிற மணம் வருகிறது. கூரையைப் பார்த்தேன். புகை இல்லை.

தலைவருடைய மனைவி நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். பிறகுதான் திறந்தார்.

"அக்கா, ஒரு ஊக்கு இருக்குமா?"

"இருக்கு, இருக்கு. அங்கயே நில்லு."

அடுப்பு ஜில்லென்று கிடந்தது. மூலையில் கொழுந்துக் கூடை ஒன்று குப்புறக் கவிழ்ந்திருந்தது. கூடையின் இடுக்கு வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கூடையைப் பார்க்கிறேன், அக்கா என்னைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து கூடைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"எலி," என்றார் அக்கா.

"எலி சோறாக்குமா அக்கா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இடுப்பில் இருந்த குழந்தையும் சிரித்தது. கூடையைத் தூக்கினால், பூப்போட்ட வெள்ளை ரைஸ் குக்கர்.

குவைத்து மேடம் கிளம்பும்போது கொடுத்ததாம். கொண்டு வந்த அன்றே தலைவர் சொல்லிவிட்டாராம், சங்கத் தலைவர் வீட்டில் இது அலுமாரிக்கு மேல்தான் இருக்கலாம், செருகக் கூடாது என்று. ஒரு வருஷம் அக்காவும் கேட்டு நடந்தார். ஒரு மழை நாளில் விறகு நனைந்து எரியவே இல்லை. வேறு வழியில்லாமல் குக்கரில் ஆக்கி, பழைய அலுமினியப் பானையில் கொட்டி வைத்தார். சாயந்தரம் தலைவர் இரண்டு வாய் தின்றுவிட்டு, "இதுதான் விறகுச் சோறு. குவைத்துல தின்னியே, இந்த ருசி இருந்திச்சா?" என்று கேட்டாராம்.

"நான் என்னாடி சொல்லுவேன்? 'இல்லீங்க'ன்னேன். இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டாரு."

அன்றிலிருந்து தினமும் அதே கதை. பானையின் அடியில் மட்டும் கொஞ்சம் கரியைத் தடவிவிடுவார். தலைவர் வீட்டில் இருக்கிற ஞாயிறும் போயாவும் நிஜமாகவே அடுப்பு எரியும். அந்த நாட்களில் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டதாகத் தலைவர் குறை சொல்வாராம்.

நான் என் வெந்நீர் கதையைச் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, புள்ளைங்க தண்ணியவா நான் இழுத்துக்கிட்டிருந்தேன்?" என்று உடனே வயரைப் பிடுங்கினார். சோறு ஏற்கனவே வெந்துவிட்டிருந்தது, ஆனாலும் பிடுங்கினார். பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எட்டிலிருந்து ஒன்பது வரை குழந்தைகள் குளிக்கும். ஒன்பதரைக்குப் பிறகு அக்கா சோறு ஆக்கலாம். இப்படி எனக்குக் காப்பாற்ற வேண்டிய ரகசியம் இரண்டாகியது.

சங்கத்தின் வருஷக் கூட்டம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. அந்தக் கூட்டத்துக்கு இரத்தினபுரியிலிருந்து மாத்தையா ஒருவர் வந்தார். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, தாங்களும் இப்படிக் கரண்டு எடுக்கலாமா என்று பார்க்க ஏழு பேர் வந்தார்கள். பிள்ளைமடுவத்தில்தான் கூட்டம். ஸ்பீக்கர் கட்டி, பட்டப்பகலில் எல்லா வீட்டுப் பல்பையும் எரியவிட்டு, பெருமை தாங்கவில்லை எங்களுக்கு. வால்வை முழுசாகத் திறந்திருந்தாலும், குளத்தில் அந்த மாதம் தண்ணீர் மட்டு, கரண்டு பல்புகளுக்கே சரியாக இருந்தது. வந்தவர்களுக்குத் தலைவர் வீட்டில் சாப்பாடு. "விறகுச் சோறு போடு, அவங்க டவுன்ல அது கிடைக்காது," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பத்துப் பேருக்கு ஒரு குக்கர் போதாதே. அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் இன்னொரு குக்கர் இரவல் வாங்கினார். அவளிடம் ஒன்று இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பதினொரு மணிக்கு இரண்டையும் சேர்த்துச் செருகிவிட்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்து உச்சத்தில் இருந்தார். "கரண்டைக் களவெடுக்கிறவன் நம்ம புள்ளைங்க படிக்கிற வெளிச்சத்தைக் களவெடுக்கிறான்! அப்பிடிப்பட்டவன் நம்ம தோட்டத்துல ஒருத்தன்கூட..." அதோடு ஸ்பீக்கர் மாடு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பல்புகள் எல்லாம் சிவந்துபோய் மினுக்கின. மெஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். அது துடைக்க வேண்டிய மூக்கே இல்லை.

"இப்ப, இந்த நிமிசம் இழுக்கிறான்!" என்று மைக் இல்லாமலே தலைவர் கத்தினார். "வாங்க, கையோட பிடிப்போம்!"

மாத்தையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஹரி, யமு!" சரி, போவோம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே எழுந்தார். முழுக் கூட்டமும் எழுந்தது. முதலாம் லயத்திலிருந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன்.

"அக்கா! வர்றாங்க! எல்லாத்தையும் ஒளிச்சு வைங்க!"

அக்கா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், குக்கர்களைப் பார்த்தார். கூடையை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"வரட்டும்," என்றார். "ஒளிச்சு ஒளிச்சு எனக்கும் அலுத்துப் போச்சு."

தலைவர்தான் முதலில் உள்ளே வந்தார். "இது என் வீடு, இருந்தாலும் எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதான், நல்லாப் பாத்துக்குங்க" என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தவர், முன்னால் திரும்பியதும் நின்றுவிட்டார். வாசல் நிறையத் தலைகள். தரையில் இரண்டு குக்கர். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 'டக், டக்' என்றன.

"எத்தனை நாளா?"

"அந்தத் தைப்பொறப்பு மழையிலேருந்து."

"அப்ப நான் தின்ன சோறு?"

"இதுதாங்க."

"விறகுச் சோறு?"

"பானையில மட்டுந்தான் கரி."

யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. மாத்தையா என் பக்கம் திரும்பி, என்ன பேசுகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தலைவருக்கு நன்றாகச் சிங்களம் வரும், ஆனால் அப்போது எந்த மொழியும் வரவில்லை. நான்தான் சொன்னேன். கரி தடவின விஷயத்துக்கு வந்ததும் மாத்தையா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பகலில் இந்தக் கரண்டு பீப்பாய்த் தண்ணீரைச் சுடவைத்து வீணாகத்தானே போகிறது, நேரம் பிரித்து எல்லாரும் சோறாக்கினால் என்ன என்று கேட்டார்.

"வீணாப் போகல மாத்தையா!" மெஷின்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்தத் தண்ணியிலதானே மடுவத்துப் புள்ளைங்க குளிக்குது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. தாய்மார் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப புது சவுக்காரம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் ஊக்கைத் தேடுகிறவள் மாதிரி தரையைப் பார்த்தேன்.

விருந்தாளிகள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தலைவர் பரிமாறினார், ஆனால் ஒரு பருக்கை தொடவில்லை. அடுத்த மூன்று நாளும் வீட்டில் சாப்பிடவே இல்லை. முதலாளி கடையில் பணிஸ் ரொட்டியும் பால் இல்லாத பிளேன்டீயும்தான். அக்கா அழவில்லை. ஆனால் குக்கரைத் துணியில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இரண்டு நேரமும் விறகில் சமைத்து மூடி வைத்துக் காத்திருந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டே. நாலாம் நாள் கடைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"தலைவரே, தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்குங்க."

அவர் பணிஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "களவு செஞ்சது கூட இருக்கட்டும்மா. 'குவைத்துல இந்த ருசி இருந்திச்சா'ன்னு தினம் தினம் கேட்டேனே. ஒரு நாளாச்சும் அவ மொகத்தைப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்." பணிஸைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வருசம் யாரு யாருக்கோ ஆக்கிப் போட்டுட்டு வந்தவ. இங்கயும் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஊதணும்னு நான்தானே சொன்னேன்," என்றார்.

முதலாளி உள்ளேயிருந்து ஒரு குளிர்ந்த சோடாவைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அதை எங்கே குளிர வைத்தார் என்று தலைவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு உண்மை போதும்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, புதுச் சட்டத்தை அவரே வாசித்தார். காலை ஒன்பது மணி வரை மிஞ்சின கரண்டு எல்லாம் பிள்ளைமடுவத்துக்கு. அதற்குப் பிறகு லயத்துக்கு ஒரு நாள் முறை, ஒரு நேரத்துக்கு ஒரு குக்கர். எந்த வீட்டில் குக்கர் இருக்கிறது என்று பெயர் கேட்டபோது ஐந்து கை எழும்பியது. தலைவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மெஷின்காரரும் ஒளிந்து குளிப்பதை விட்டுவிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வாளி நிறைய ஊற்றிக்கொடுத்தார்.

மாசி கடைசியில் விட்டுவிட்டுப் பெய்த மழையும் நின்று வெயில் ஏறியது. மடுவத்துத் தகரக் கூரை மத்தியானத்தில் கொதித்தது. குழந்தைகள் தூங்க முடியாமல் வேர்த்து வழிந்து புரண்டார்கள். ஒரு நாள் தலைவர் தோளில் ஒரு குழாயோடு வந்தார். நீளத்துக்கு ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே போகிற குளத்துத் தண்ணீர் எப்படியும் கீழேதான் போகிறது, எங்கள் கூரை வழியாகப் போகட்டுமே என்றார். அவரும் மெஷின்காரரும் கூரையின் உச்சியில் குழாயைக் கட்டினார்கள். தண்ணீர் சலசலவென்று தகரத்தில் இறங்கியது. கால் மணி நேரத்தில் உள்ளே குளிர்ந்துவிட்டது. பதினேழும் வரிசையாகக் கவிழ்ந்து தூங்கின.

அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த துரை பிரேக் போட்டு நின்றார். மலை முழுக்க வெயில் காய்கிறது. இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் மழை பெய்து, தாழ்வாரத்தால் ஒழுகுகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். இறங்கி வந்து தாழ்வாரத்துக்குக் கீழே நின்று, நெற்றியில் தண்ணீரை ஏந்திக்கொண்டார். பிறகு மெஷின்காரரைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஆபீஸ் கூரைக்கும் இப்படி ஒரு பைப் போடலாமா?"

மெஷின்காரர் மலையை அண்ணாந்து பார்த்தார். துரையின் ஆபீஸ் குளத்துக்கும் மேலே இருந்தது.

"தண்ணி மேல ஏறாதுங்களே சார்," என்றார், ரொம்ப வருத்தப்படுகிறவர் மாதிரி.